சாறன் மடிக்குள் ஒரு பற்றரி

கட்டாரில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு பஹ்மி ஊர் திரும்பியதும், காத்தான்குடி ஆற்றோரத்து மாமனார் வீட்டில் எல்லாரும் சுற்றி நிற்கப் பெட்டியைத் திறந்ததும் போன வாரங்களின் கதை. அத்தரும் போர்வையும் பால்மா டின்னும் எதிர்பார்த்து நின்றவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தவை, தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற பீரிசு அளவில் ஆறு வெள்ளை வட்டங்கள். புகை அலாரங்கள்.

அந்த ஆறும் சீலிங்கில் ஏறி இன்றைக்கு இருபத்து நாலு நாள். அதற்குள் பதினொரு தடவை கத்திவிட்டன. மாமியார் ஹிதாயா கருவாடு பொரித்தபோது கத்தின. வியாழன் மாலை சாம்பிராணி போட்டபோது கத்தின. மழை விட்ட ஒரு பொழுதில் வாசலில் தேங்காய் மட்டையைப் புகைய விட்டபோது, வீட்டுக்குள் ஒரு பொட்டுப் புகை இல்லாமலே கத்தின. பக்கத்து வீட்டு ஆதம்பாவா அவற்றைக் கமெரா என்றே முடிவு கட்டிவிட்டார். இந்த வீட்டுப் படியேறும்போது இப்போதெல்லாம் சேட் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்.

பஹ்மி பொறுமைசாலி. குசினியில் இருந்ததைக் கழற்றி, வெளியே நடைபாதைச் சீலிங்கில் பூட்டினான். குசினிக்குள் புகைக்குக் கத்தாத, சூட்டுக்கு மட்டும் கத்துகிற வேறொன்றை வைத்தான். ஃபேனுக்குப் பக்கத்தில் இருந்ததைச் சுவர்ப் பக்கம் தள்ளினான். அதற்குப் பிறகு கருவாடு நிம்மதியாகப் பொரிந்தது. ஹிதாயாவும் சமாதானமானாள்.

சமாதானமாகாமல் இருந்தவர் ஒரே ஒருவர். வீட்டுத் தலைவர் அசனார்.

அசனாருக்கு அறுபத்திரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சு வலியென்று கொழும்புக்குக் கொண்டுபோய், நாளத்துக்குள் ஸ்பிரிங் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரி வாட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஹிதாயாவின் கையைப் பிடித்து, இனி இந்தக் கையால் சிகரெட் தொடமாட்டேன் என்று சொன்னார். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னார். மூன்று மாதம் தொடவும் இல்லை.

நாலாம் மாதம் ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று. இப்போது நாளுக்கு ஒன்று. காலை பத்து மணிக்கு, பழைய புடவைக் கட்டுகள் கிடக்கிற பின்னறையில், யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

ஆற்றுக் காற்று அவருக்குத் துரோகம் செய்தது. வெளியே விட்ட புகையை அது வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை பின்னறை அலாரம் வீட்டையே தூக்கிவிட்டது. ஓடி வந்த ஹிதாயாவிடம் நுளம்புத் திரி கொளுத்தியதாகச் சொன்னார்.

"பகல் பத்து மணிக்கு நுளம்பா?"

"டெங்கு நுளம்பு பகல்லதான்கா கடிக்கும். றேடியோவில சொல்றாங்களே."

ஹிதாயா வந்த வழியே குசினிக்குப் போனாள். ஆனால் போகும்போது இரண்டு தரம் கிறுகி, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அது போதாதா? திங்கட்கிழமை, ஹிதாயாவும் மகள் றிஸ்லாவும் கிளினிக்குக்குப் போன நேரம் பார்த்து அசனார் ஏணி வைத்து ஏறினார். அலாரத்தின் மூடியைத் திருகி, உள்ளே இருந்த சதுரப் பற்றரியை உருவி எடுத்து, ஒரு பழைய புடவைக் கட்டுக்குள் ஒளித்து வைத்தார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி நான்கு நாளும் பத்து மணி இனிமையாக இருந்தது.

இன்றைக்குச் சனிக்கிழமை.

காலையில் இடியப்பத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பஹ்மி சொன்னான்.

"மாமா, இண்டைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பாசிக்குடா ஹோட்டல் முதலாளி நல்லரத்தினம் சேர் வாறார். நாப்பது ரூம். எல்லாத்துக்கும் அலாரம் பூட்டுறதுக்கு ஆள் பாக்கார். சும்மா கடுதாசியில காட்டினா நம்பமாட்டாராம். நீ உன்ட ஊட்டுல பூட்டி வெச்சிரிக்கிறத நான் கண்ணால பாக்கணும் எண்டு சொல்றார்."

அசனார் வாய்க்குக் கொண்டுபோன இடியப்பத்தைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"நம்மட ஊட்டுலயா?"

"ஓம் மாமா. இந்த வேல கிடைச்சா நான் மறுகா கட்டார் பக்கம் தலைவெச்சிம் படுக்கத் தேவல்ல. கிடைக்காட்டி..." அவன் முடிக்கவில்லை. பழைய கம்பனியிலிருந்து வந்த கடிதம் அவனுடைய மேசையில் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். இந்த மாதம் முடிவதற்குள் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ பதில் போட வேண்டும்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த றிஸ்லா கையை நிறுத்தினாள். அசனாருக்கு இருக்கிற ஒரே மகள். பஹ்மி கடைசியாக லீவில் வந்து போனதிலிருந்து வயிற்றில் பிள்ளை, இது ஐந்தாம் மாதம். புருஷன் முகத்தைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவர் எல்லா ரூமையும் பாப்பாரா?"

"ஹோல்ல ஒண்டப் பாத்தாப் போதும். ஆனாலும் நான் எல்லாத்தையும் ஒருக்காத் துடைச்சிப் பாத்திருவன். தூசி அடைஞ்சா, பல்லி உள்ளுக்குப் போனா, சும்மாவும் கத்தும், கத்த வேண்டிய நேரம் கத்தாமலும் இரிக்கும்."

"பின்னறைய நான் துடைக்கன்!" என்றார் அசனார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் அவர் துடைத்த பொருள் அவருடைய மூக்குக் கண்ணாடி மட்டும்தான்.

"நீங்களா மாமா?"

"ஏன், நான் துடைக்கப்படாதா? மருமகன்ட வேலைக்கு ஒரு ஒத்தாசை. நீங்க போய்க் குளிச்சி உடுப்ப மாத்துங்க."

பஹ்மியின் முகம் மலர்ந்துவிட்டது. வந்த நாளிலிருந்து இந்த மாமா அலாரங்களைப் பார்த்த பார்வை அவனுக்குத் தெரியும். எழுந்து போய் மெல்லிய தூரிகை ஒன்றைக் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தான். "மெதுவாத் தட்டிட்டு, நடுவில இரிக்கிற பட்டன ஒருக்கா அமத்துங்க மாமா. கத்தினா சரி." அவன் கண்ணில் இருந்த நன்றியைப் பார்க்க அசனாரால் முடியவில்லை.

முதல் வேலையாகப் புடவைக் கட்டுக்குள் கைவிட்டு பற்றரியை எடுத்தார். சாறன் மடியில் செருகினார். ஏணியைத் தேடி வந்தால், ஏணியில் ஹிதாயா நின்றாள். பரணிலிருந்த பெரிய சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சி, வாங்க. இதப் புடிங்க. புடிச்சிட்டு ஒரு எட்டு சந்தைக்குப் போய்ட்டு வாங்க. கணவாய் வேணும், எருமத் தயிர் ஒரு சட்டி வேணும்."

"எனக்கு உள்ளுக்கு ஒரு வேல இரிக்கி."

"என்ன வேல?"

"தூசி தட்டணும்."

ஹிதாயா ஏணியின் மேலிருந்து அவரை உற்றுப் பார்த்தாள். "முப்பத்தாறு வருசம் இல்லாத தூசி இண்டைக்கு வந்திட்டோ? கணவாய் முடிஞ்சிரும், சுறுக்கா நடங்க."

நடந்தார். சைக்கிளில் போகும்போது மடியில் பற்றரி வயிற்றைக் குத்தியது. கணவாய்க்காரனிடம் போனால் அங்கே கூட்டம். தயிர்க்காரி இன்னும் வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் வழிமறித்து நெஞ்சு எப்படி என்று விசாரித்தார். நெஞ்சு நன்றாகத்தான் இருந்தது, அந்த நிமிடம் வரைக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது பதினொன்றரை.

இப்போது ஏணியைக் காணவில்லை. பஹ்மி ஹோலில் அதை விரித்து வைத்து, மேலே நின்று ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தான். "பின்னறையில முடிஞ்சா மாமா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"முடியப் போகுது."

அசனார் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மேசையை இழுத்து அலாரத்துக்கு நேரே வைத்தார். எட்டவில்லை. மேசைக்கு மேல் கதிரையை வைத்தார். கதிரையில் ஒரு காலை வைத்து, சாறனை முழங்கால் வரை தூக்கி, மற்றக் காலையும் வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுகையை மடிக்குள் விட்டபோது கதவு திறந்தது.

"வாப்பா!"

றிஸ்லா. ஒரு கையில் தண்ணீர்க் கிளாஸ், மறுகையில் அவருடைய பகல் மாத்திரை.

"நெஞ்சில ஸ்பிரிங் வெச்ச ஆள் மேசைக்கு மேல கதிரை வெச்சா ஏறுற? யா அல்லாஹ், இறங்குங்க!"

"ஒரு நிமிசம் மகள். கொஞ்சம் தூசி..."

"இறங்குங்க எண்டு சொல்றன்!" அவள் ஓடி வந்து அவருடைய சாறனைப் பிடித்தாள். சாறனுக்குள் பற்றரி, பற்றரிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பொருள். மேலே தொடர்ந்து நின்றால் அவிழ்ந்து விழப்போவது மானம் மட்டும் அல்ல. அசனார் ஒவ்வொரு காலாக இறங்கினார்.

"நீங்க துடைச்சது காணும். உம்மாக்குச் சொல்லாம விடுறன், சரியா? மாத்திரையக் குடிங்க." கதிரையையும் கையோடு தூக்கப் பார்த்தாள், ஐந்து மாத வயிற்றோடு அவள் அதைத் தூக்கக்கூடாதென்று அவரே தூக்கிக்கொண்டு போய் வெளியே வைக்க வேண்டியதாயிற்று. பள்ளியில் ளுஹர் என்ற பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

தொழுதுவிட்டுத் திரும்பும்போது வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது.

நல்லரத்தினம் கல்லடி ஊர்க்காரர். மெலிந்த உடம்பு, சாயம் பூசிய முடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட். சுவரைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்பார், சட்டியைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்பார். நெய்ச்சோறும் கணவாய்க் கறியும் பொரித்த கோழியும் சாப்பிட்டார். இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தில் இரண்டாம் துண்டையும் எடுத்தார். சாப்பிட்டுக் கையைத் துடைத்ததும் கண் சீலிங்குக்குப் போனது.

"சரி தம்பி. காட்டுங்க பாப்பம்."

பஹ்மி ஒரு பஞ்சுத் திரியைக் கொளுத்தி அணைத்து, கம்பில் கட்டி ஹோல் அலாரத்துக்குக் கீழே பிடித்தான். பத்து எண்ணுவதற்குள் அது கூரை பிளக்கக் கத்தியது. குசினி வாசலில் நின்ற ஹிதாயா, தானே பெற்ற பிள்ளை பாட்டுப் பாடியதைப்போல நிமிர்ந்து நின்றாள்.

நல்லரத்தினம் தலையாட்டினார். "நல்லா இரிக்கு. ஆனா இது எனக்குக் காட்டுறதுக்கெண்டு ஆயத்தம் பண்ணி வெச்சது. ஹோட்டல்ல எனக்கு முன்பக்கம் பிரச்சினை இல்ல தம்பி, ஆரும் எட்டிப் பாக்காத ரூம்லதான் பிரச்சினை." கையை நீட்டினார். "அந்தா, அந்தப் பின்னுக்கு இரிக்கிற ரூம். அதுல காட்டுங்க."

"அந்த ரூம் வேணாம்!" என்று அசனார் எழுந்துவிட்டார்.

"ஏன் நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் நல்லரத்தினம்.

"அது... அது அடுக்கல்ல. புடவைக் கட்டெல்லாம் கிடக்கு."

"நான் புடவை பாக்க வரல்லயே."

"பூனை ஒண்டு குட்டி போட்டிரிக்கி. ஆளக் கண்டாப் பாயும்."

"நம்மட ஊட்டுல ஏது பூனை?" என்றாள் ஹிதாயா.

நல்லரத்தினம் ஏற்கனவே நடக்கத் தொடங்கிவிட்டார். பஹ்மி சந்தோஷமாகக் கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். அவனுக்கு என்ன பயம்? காலையில் மாமாவே தன் கையால் துடைத்த அலாரம் அல்லவா!

பஞ்சுத் திரி புகைந்தது. புகை நேராக மேலே போய் வெள்ளை வட்டத்தைச் சுற்றிக்கொண்டது.

பத்து எண்ணி முடிந்தது. இருபது எண்ணி முடிந்தது. நல்லரத்தினம் இருமினார். அலாரம் கம்மென்று இருந்தது.

பஹ்மி கம்பின் நுனியால் நடுப் பட்டனை அமத்தினான். ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் அமத்தினான்.  ஏணியைக் கொண்டுவந்து ஏறி, மூடியைத் திருகிக் கழற்றினான்.

"பற்றரி இல்ல" என்றான் மெல்ல.

 யன்னலுக்கு வெளியே ஆற்றில் ஒரு தோணி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான் வெச்ச. வெச்ச எண்டுதான் நினைச்சிக்கு இருந்த..." பஹ்மி ஏணியில் நின்றபடி கையிலிருந்த வெறும் மூடியைப் பார்த்தான். "என்ட பிழைதான் சேர். மறந்திருப்பன். மன்னிச்சிக்கொள்ளுங்க."

நல்லரத்தினம் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்ல தம்பி. ஆறு பூட்டுற இடத்தில ஒண்டுக்குப் பற்றரி போட மறந்தா, நாப்பது பூட்டுற இடத்தில எத்தினைய மறப்பீங்க எண்டு நான் கணக்குப் பாக்கத்தானே வேணும். கொழும்பு ஆக்களோடயும் ஒருக்காக் கதைச்சிப் பாக்கன். சாப்பாடு மிச்சம் நல்லா இரிந்த, தங்கச்சி."

அவர் கிறுகினார். றிஸ்லா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்காமல், புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒன்பது வருடத்தில், லீவு முடிந்து போகிறவனை ஏற்றிவிட்டு விமான நிலையத்திலிருந்து ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது வானுக்குள் அவள் இருந்த இருப்பு இதேதான். அசனாருக்கு அது தெரியும். முன்சீட்டில் இருந்தவர் அவர்தான்.

"நில்லுங்க முதலாளி" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"அவர் மறக்கல்ல. பற்றரியக் கழட்டினது நான்."

"நீங்களா?" இது ஹிதாயா.

அசனார் சாறன் மடியை அவிழ்த்தார். பற்றரியை எடுத்து நீட்டுவதுதான் அவருடைய எண்ணம். மடி ஒரேயடியாக அவிழ்ந்ததில் பற்றரியோடு அதற்குப் பக்கத்திலிருந்தவையும் சேர்ந்து தரையில் விழுந்தன. ஒரு நெருப்புப் பெட்டி. ஒற்றைச் சிகரெட். அந்த ஒற்றைச் சிகரெட் நிதானமாக உருண்டு போய், ஹிதாயாவின் கால்விரலில் முட்டி நின்றது.

ஹிதாயா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"டெங்கு நுளம்பு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றை விருந்தாளி முன்னால் சொல்லியிருக்கக்கூடாது. வாட்டுக் கட்டில் வந்தது. பிடித்த கை வந்தது. அவர் வாட்டில் கிடந்த ஒன்பது நாளும் அவள் ஆஸ்பத்திரி மரவாங்கில் இருந்தபடியே நித்திரை கொண்டது வந்தது. "உங்கட நெஞ்சு உங்கட நெஞ்சு மட்டும் எண்டா நினைச்ச?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அசனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அறுபத்திரண்டு வயதில், சம்பந்தமில்லாத ஒரு மனிதருக்கு முன்னால், அவிழ்ந்த சாறனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

"மருமகன்" என்றார் கடைசியில். "ஏசுறதெண்டா நீங்களும் ஏசுங்க. உங்கட வேலையக் கெடுத்துப்போட்டன்."

பஹ்மி ஏணியிலிருந்து இறங்கினான். பற்றரியைத் தரையிலிருந்து எடுத்தான். ஏசவில்லை. அதைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஏச எனக்கு வாய் இல்ல மாமா. நானும் கழட்டின ஆள்தான்."

றிஸ்லா நிமிர்ந்தாள்.

"தோஹாவில எட்டுப் பேர் ஒரு ரூம். பற்றரி முடியப்போனா இது நிமிசத்துக்கு ஒருக்கா 'டிக்'கெண்டும். புதுசு போட ஆள் வரும் எண்டாங்க. ரெண்டு கிழமையா வரல்ல. வேல முடிஞ்சி வந்து படுத்தா நித்திரை இல்ல. ஒருநாள் கட்டில்ல ஏறி உருவி எறிஞ்சிட்டு நல்லாப் படுத்த. அடுத்த நாள் ஆரோ ஃபோன மெத்தைக்கு மேல சார்ஜ் போட்டுட்டுப் படுத்திட்டாங்க."

 ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து தொடர்ந்தான்.

"மெத்தை பத்தி ரூமெல்லாம் நெருப்பு, அலாரம் கத்தல்ல. எல்லாரையும் இழுத்து வெளிய போட்டது ஏறாவூர் இஷாம். என்னையும் அவன்தான் இழுத்த. அவன்ட ரெண்டு உள்ளங்கையும் போச்சி. இப்பவும் ஒரு தேத்தண்ணிக் கோப்பைய ஒரு கையால தூக்க அவனால ஏலா. பற்றரியக் கழட்டினது ஆரெண்டு அவனுக்கு இண்டைவரைக்கும் தெரியா. அதுக்குப் பொறவுதான் நான் இந்த வேலையப் பழகின."

தன் புருஷன் வாயிலிருந்து இந்தக் கதையை றிஸ்லா முதல்முதலாகக் கேட்கிறாள். ஒன்பது வருடத் தொலைபேசியில் ஒருநாளும் வராத கதை. அவள் மெதுவாக வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். அவ்வளவுதான் செய்தாள்.

நல்லரத்தினம் போகவில்லை. ஒரு புடவைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.  பிறகு அசனாரைப் பார்த்தார்.

"நானா, எத்தினை நாளா இப்பிடிக் கழட்டி வெச்சிரிக்கீங்க?"

"திங்கக்கிழமையில இருந்து."

"ஒருத்தரும் காணல்ல?"

"காணல்ல."

"தம்பி," பஹ்மியின் பக்கம் கிறுகினார், "என்ட ஹோட்டலுக்கு வாறவன் எல்லாம் இவர்தான். துவாயால மூடுவான், உருவி எறிவான், ரூமுக்குள்ள இருந்து ஊதுவான். ஆளப் பாத்தா மரியாதையான ஆளா இரிப்பான். இதுக்கு உங்களிட்ட வழி இரிக்கா? கொழும்பு ஆக்கள் எனக்கு அலாரத்தப் பத்தித்தான் சொன்னாங்க, மனிசனப் பத்தி ஒருத்தனும் சொல்லல்ல."

பஹ்மிக்கு உயிர் வந்தது. "இரிக்கி சேர். ஊட்டுக்குத்தான் இந்தப் பற்றரிச் சாமான். ஹோட்டலுக்கு வயர்ல பூட்டுறது. கீழ வாசல் மேசையில ஒரு பலகை வரும். எந்த ரூம்ல கழட்டினாலும் அந்த ரூம் நம்பர் சிவப்பாப் பத்தும். மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொண்டையும் அமத்திப் பாத்து எழுதி வைக்கணும். அதையும் நானே வந்து செய்வன்."

"அப்ப நாளைக்கு வாங்க. ஒரு ரூம்ல பூட்டிக் காட்டுங்க." நல்லரத்தினம் எழுந்தார். அசனாரின் தோளில் கையை வைத்தார். "இவரையும் கட்டாயம் கூட்டி வாங்க. ரூமுக்குள்ள விட்டுக் கதவச் சாத்துவம். இவரால களவாக் கழட்ட ஏலாட்டி, நாப்பது ரூமும் உங்களுக்குத்தான்."

முதலில் சிரித்தது றிஸ்லா. பஹ்மி மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கால் சிரித்தான். ஹிதாயா மட்டும் சிரிக்கவில்லை. சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு, "நாளைக்குப் போறதெண்டா மடியத் தட்டிப் பாத்துத்தான் அனுப்புவன்" என்றாள்.

வான் போன பிறகு பஹ்மி பின்னறை அலாரத்துக்குப் பற்றரியைப் போட்டான். அமத்தினான். கத்தியது. கையோடு மிச்சம் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறேன் என்று கம்போடு கிளம்பினான். நடைபாதையில் கத்தியது. குசினியில் கத்தியது. கீழே இருந்த இரண்டு படுக்கை அறையிலும் கத்தியது. பிறகு மாடிப்படி ஏறுகிற சத்தம். மேலே ஒன்றும் கத்தவில்லை.

படியின் பாதியில் நின்று எட்டிப் பார்த்தான்.

"மாமா, மேல் ரூம்லயும் பற்றரி இல்லயே."

ஹோலில் மனைவிக்கு முன்னால் இன்னும் குற்றவாளியாக உட்கார்ந்திருந்த அசனார் துள்ளி எழுந்தார். "அல்லாஹ்ட மேல ஆணை! நான் எடுத்தது ஒண்டுதான். மேல் ரூமுக்கு நான் போயே ஒரு வருசம். முழங்கால் ஏலா எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப ஆர் எடுத்த?"

மற்ற யாரும் ஹிதாயாவைப் பார்க்கவில்லை. அசனார் மட்டும்தான் பார்த்தார், அதுவும் தற்செயலாக. அரை மணிநேரமாக மூச்சு விடாமல் ஏசிக்கொண்டிருந்தவள், பாதி வசனத்தில் வாயை மூடியிருந்தாள்.

"சட்டியெல்லாம் அப்பிடியே கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீடு அடங்கியது. பஹ்மியும் றிஸ்லாவும் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார்கள். இஷாமைப் பற்றிப் பேச அவர்களுக்கு நிறைய இருந்திருக்கும். குசினியில் ஹிதாயாவைக் காணவில்லை. அசனார் அவளிடம் தனியாக, ஒழுங்காக, மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று முடிவெடுத்திருந்தார். வாசலில் பார்த்தார், கிணற்றடியில் பார்த்தார். கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்துக்குப் பிறகு மாடிப்படி ஏறினார்.

மேல் அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கதவுக்குக் கீழிருந்து சீனி கருகின வாசம் வந்தது. உள்ளே ஹிதாயா யாரோடோ தொலைபேசியில், மிகவும் பணிவான குரலில், அவர் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், கதைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் டீச்சர். இனிப்பு இருநூறு பெட்டி. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருவன், இன்ஷா அல்லாஹ்... இல்ல டீச்சர், ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியா. எங்கட மனிசருக்குத் தெரியவே கூடா."

மன்னிப்புக் கேட்க ஏறி வந்த அசனார், சத்தம் போடாமல் மேல்படியில் உட்கார்ந்து, காதைக் கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.